ஒலிபெருக்கி (பொறுப்பு)

மனிதனுக்கு முதுகு ஒன்றே ஒன்றுதான் வழங்கப்பட்டுள்ளது, அதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை என்கிற உண்மை, கிட்டார்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பை எடுக்கக் குனிந்தபோது தெரியவந்தது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். மனைவி வந்து பார்த்து, "என்னங்க தேடறீங்க?" என்றாள்.

"நிமிர்றதுக்கு வழி தேடறேன்" என்றார்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன தொழில் என்று விசாரித்தார். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் மின்கிட்டார் என்றதும், "கிட்டார் அவ்வளவு கனமா?" என்று ஆச்சரியப்பட்டார்.

"கிட்டார் இல்ல டாக்டர். அதோட ஆம்ப்."

மின்கிட்டாரை வெறுமனே தட்டினால் கொசு முனகுகிற அளவுக்குத்தான் கேட்கும். அந்த முனகலை வாங்கி இடியாக்கித் தருகிற பெட்டிக்குத்தான் ஆம்ப் என்று பெயர். இவரிடம் இருந்தது பழைய வால்வு ஆம்ப். உள்ளே கண்ணாடிக் குழல்கள் சிவந்து எரியும். வெளியே ஒரு சின்ன பீரோ அளவு இருக்கும். கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து, படுக்கையறை ஜன்னலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அசையாது, யாருக்கும் வழி விடாது, எப்போதாவது வாயைத் திறந்தால் தெருவே எழுந்துவிடும். அதனால் மனைவி அதற்குப் 'பெரியப்பா' என்று பெயர் வைத்திருந்தாள்.

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். "இன்னொரு தடவை அதைத் தூக்கினீங்க, இல்ல தள்ளினீங்கன்னா, அப்புறம் கிட்டாரைப் படுத்துக்கிட்டேதான் வாசிக்கணும். அதுவும் மனசுக்குள்ள."

பகல் முழுக்க ஊரார் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிட்டு "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கெஞ்சிக்கொண்டே இருக்கிற மனிதர் கிட்டார்காரர். மாலையில் அந்த ஆறு கம்பிகள்தான் கெஞ்சாமலே பதில் சொல்லும். அதுவும் இல்லையென்றால் மிச்ச ஆயுளை எதை நம்பி ஓட்டுவது?

வழி காட்டியவன் மச்சினன். மனைவியின் தம்பி, இவர் வாசிக்கும் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். சோப்பு டப்பா அளவில் நாலு திருகு வைத்த இரும்புப் பெட்டி ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

"அத்தான், இது ஒரு பெடல். காலால ஒரு மிதி. ஆம்ப் செய்யற வேலையெல்லாம் இதுவே செய்யும். கிட்டார் வயரை இந்தப் பக்கம் சொருகுங்க, அந்தப் பக்கம் நேரா ஹால் சவுண்ட் சிஸ்டத்துக்கு. அவ்ளோதான்."

"பெரியப்பா செய்யற வேலையை இந்தப் பொடியன் செய்வானாக்கும்!" என்று கேலி செய்துகொண்டே வீட்டு ஸ்பீக்கரில் மாட்டி, மிதித்து, ஒரு தட்டுத் தட்டினார். உடனே சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "பெரியப்பாவை ஏங்க எழுப்பறீங்க? பக்கத்து வீட்டுக் குழந்தை இப்பதான் தூங்குச்சு!"

பெரியப்பாவோ ஜன்னலோரத்தில் வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கிட்டார்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெடலை எடுத்து ஒரு முத்தம் கொடுத்தார்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்கும், நகரக் கலையரங்கம் மட்டும் இல்லாதிருந்தால்.

அந்தக் கலையரங்கத்தில் நடக்கும் இன்னிசை மாலையில் வாசிக்க வேண்டுமென்றால் அரங்க அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். அதன் எட்டாம் விதி, 'ஒலிபெருக்கி இல்லாத மின்கிட்டார் எதுவும் மேடையேற்றப்படலாகாது' என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. ஒலிபெருக்கி என்றால் அங்கே ஆம்ப்தான். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஆம்ப் கொண்டுவர மறந்து, மாலை முழுக்கச் சத்தமே இல்லாமல் வாசித்துவிட்டுப் போனாராம். கூட்டம் கைதட்டிவிட்டது. ஆனால் கணக்குத் தணிக்கைக்காரர் ஏற்கவில்லை.

அலுவலகத்தின் முன்மேசையில் எழுத்தர் அம்மா ஒரு விரலால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"ஆம்ப் எங்க?"

"இதுதாங்க." பெடலை மேசைமேல் வைத்தார்.

"விண்ணப்பத்துல இதைப் பெடல்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமாங்க. ஆம்ப் மாதிரியே சத்தம் தர்ற பெடல்."

"ஆம்பா, ஆம்ப் மாதிரியா?"

"மாதிரிதான்."

"மாதிரிக்கு இங்க கட்டம் இல்லையே. உண்டு, இல்லை, ரெண்டே கட்டம்தான் இருக்கு."

"அப்ப உண்டுன்னு போட்டுக்கங்க."

"இல்லாததை எப்படிங்க உண்டுன்னு போடறது?" எழுத்தர் அம்மாவுக்கு நிஜமாகவே மனம் வலித்தது. பிறகு முகம் கொஞ்சம் மலர்ந்தது. "உள்ள கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கா? இருந்தா கணினிப் பிரிவுக்குத் தள்ளிவிட்டுடலாம்."

"இல்லைங்க, இது அனலாக். கம்ப்யூட்டரே கிடையாது. சின்னச் சின்ன பாகங்களை வெச்சு, ஆம்புக்குள்ள போனா மின்சாரம் எப்படி வளையுமோ அப்படியே வளைச்சு விடறாங்க."

"மின்சாரத்தை வளைக்கறீங்களா? இது மின்சார இலாகாவுக்குத் தெரியுமா?"

வளைத்த விஷயம் பெரிதாவதற்குள் அவரை உள்ளறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

உள்ளறையில் பெரிய மேசை. அதற்குப் பின்னால் உயரமான சுழல் நாற்காலி. நாற்காலியின் முதுகில் சலவை செய்த துண்டு. நாற்காலியில் யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு மர நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 'நிர்வாகி (பொறுப்பு)' என்று பலகை சொன்னது. உண்மையான நிர்வாகி என்றோ ஒரு பயிற்சிக்குப் போனவர். பயிற்சி இன்னும் முடியவில்லை. அன்றிலிருந்து அரங்கத்தின் கூரை ஓட்டையிலிருந்து குழாய் ஒழுகல் வரை எல்லாவற்றையும் பார்த்துவருபவர் இவர்தான். ஊரில் இவருக்குப் பெயரே 'பொறுப்பு சார்'.

"விதி எட்டு இருக்கே சார்" என்று பொறுப்பு சார் இரண்டு கையையும் விரித்தார். "ஒண்ணு ஆம்பா இருக்கணும், இல்ல ஆம்பா இல்லாம இருக்கணும். நடுவுல நிக்கிறதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

கிட்டார்காரருக்கு முதுகு விண்ணென்று தெறித்தது. நின்று நின்று பொறுமை போய்விட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏன் சார், உங்களை மாதிரிதானே சார் இதுவும்? நீங்க நிர்வாகி இல்ல. ஆனா நிர்வாகி செய்யற வேலையெல்லாம் நடக்குதா இல்லையா?"

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று கிட்டார்காரர் பெடலை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனார். பார்த்தால் பொறுப்பு சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல என் நிலைமையைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆள் நீங்கதான் சார். என் வீட்டம்மாவுக்குக்கூடப் புரியல." பெடலை இரண்டு கையாலும் வாங்கினார். "இவனும் நம்ம ஆளா? பெரியவன் இல்லாத இடத்துல பெரியவன் வேலையைப் பார்க்கிறவனா? எழுத்தர் அம்மா! மூணாவதா ஒரு கட்டம் போடுங்க. ஒலிபெருக்கி, அடைப்புக்குறிக்குள்ள பொறுப்பு!"

கிட்டார்காரர் கும்பிட்டார். ஒப்புதல் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தார். அரசு அலுவலகத்தில் 'மாதிரி' என்ற சொல்லை நம்பியது அவர் தப்பு.

"ஆனா ஒண்ணு சார். பொறுப்புன்னு வந்துட்டா பொறுப்புக்கு உண்டான முறையெல்லாம் பின்பற்றணும். நிரந்தரம் ஒருத்தர் இருக்கணும். அவர் லீவுல இருக்கணும். அவர் இடம் காலியா, அவருக்காகவே காத்துக்கிட்டு இருக்கணும். பொறுப்புல இருக்கிறவர் அதுல உட்காரக் கூடாது. பக்கத்துல கொஞ்சம் தாழ்வா உட்காரணும்." அவர் கண் சுழல் நாற்காலியின் பக்கம் போய்த் திரும்பியது. "முக்கியமா, நிரந்தரமானவர் நேர்ல வந்து பொறுப்பை ஒப்படைக்கணும். கொடுக்கிறவர் இல்லாம எடுக்கிறவர் எப்படி எடுக்க முடியும்?"

"அப்ப பெரிய ஆம்பையும் தூக்கிட்டு வரணுமா? அதைத் தூக்க முடியாமத்தானே சார் இதையே வாங்கினேன்?"

"அது அவரோட லீவுக்கான காரணம் சார். அதை எழுதிக் கொடுங்க, சாங்ஷன் பண்ணிடறேன்."

ஆக, இன்னிசை மாலையன்று பெரியப்பா வந்தது. மச்சினனும் இரண்டு ஆட்களும் தூக்கினார்கள். "அத்தான், நீங்க கிட்டயே வராதீங்க" என்று மச்சினன் அவரைப் பத்தடி தள்ளி நிறுத்தி வைத்தான். மேடையின் நட்டநடுவில், வயர் சுருட்டிய நிலையில், லீவில் இருக்கும் ஆம்ப் அமர்த்தப்பட்டது. பக்கத்தில் தரையில் பெடல். கிட்டார் வயரைப் பெரியப்பாவில் ஒருமுறை சொருகி, உருவி, பெடலில் சொருகினார்கள். பொறுப்பு சார் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். குனிந்து பெடலிடம், "தைரியமா செய்" என்றும் சொன்னார்.

முதல் வரிசையில் தூய ஒலி ரசிகர் மன்றத்தார் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஊரில் இது ஒரு மோஸ்தர். சத்தம் கனமான பெட்டியிலிருந்து வந்தால்தான் நாதம், சின்ன பெட்டியிலிருந்து வந்தால் வெறும் ஓசை. மன்றத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். எதிராளி மறுத்துப் பேசுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

கிட்டார்காரர் பெடலை மிதித்தார், வாசித்தார். அன்று கை தானாக ஓடியது. பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, மூடிய கண்ணோடு பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மேடைக்கு ஓடி வந்தார். "அப்பப்பா! என்ன ஒரு கதகதப்பு! அந்த வால்வோட சூடு என் கன்னத்துல வந்து படுது சார்!"

கிட்டார்காரர் நல்ல மனிதர். உண்மையைச் சொன்னார். "டாக்டர், அது ஆஃப்ல இருக்கு."

பல் டாக்டர் மன்றத்தாரின் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? ஆஃப்ல இருக்கும்போதே இப்படின்னா!" என்றார்.

அன்றே ரசிகர் மன்றத்தின் சார்பில் அவ்வருடத்தின் சிறந்த ஒலிக்கான கேடயம் பெரியப்பாவுக்கு அறிவிக்கப்பட்டது. பொறுப்பு சார் தரையிலிருந்த பெடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "வேலை செய்யறது ஒருத்தன், பேர் வாங்கறது இன்னொருத்தன். விடு" என்று அதற்கு ஆறுதல் சொன்னார். புகைப்படக்காரர், "ஆம்பைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்துங்க, வெளிச்சம் பத்தல" என்றார். மச்சினன் டிரம்ஸை வண்டியில் ஏற்றப் போயிருந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். கேடயத்தோடு பல் டாக்டர் காத்திருந்தார். கிட்டார்காரருக்கு அந்த நேரத்துப் பெருமையில் எலும்பு டாக்டர் சொன்னதும் மறந்தது, முதுகும் மறந்தது. ஒரு ஜாண்தானே என்று குனிந்து தள்ளினார்.

புகைப்படம் நன்றாக வந்திருந்தது. பெரியப்பா, கேடயம், பல் டாக்டர், கீழே ஓரத்தில் பெடலுக்குப் பக்கத்தில் ஒரு கை.

மழைக்காலம் முழுவதும் அவர் படுக்கையில் கிடந்தார். அதற்குள் ஊரில் மோஸ்தர் தலைதெறிக்க ஓடியது. குழுக்கள் எல்லாம் அணைத்து வைத்த ஆம்புகளை மேடையில் அடுக்கின. ஆம்ப் இல்லாத ஒரு குழு பீரோவை வைத்து ஒப்பேற்றியது. "கொஞ்சம் வறட்சி" என்று மட்டும் விமரிசனம் வந்தது. வசதியுள்ள வீடுகளில் கூடத்தில் அணைத்த ஆம்ப் ஒன்றை வைத்து, விருந்தாளிகளை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார்கள்.

கேடயம் வாங்கிய குழு மாதாமாதம் அரங்கத்தில் வாசித்தாக வேண்டும் என்று இன்னொரு விதி. ஒருநாள் மச்சினன், மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரையும் பொறுப்பு சாரையும் கூட்டிக்கொண்டு படுக்கையறைக்கு வந்தான்.

"அத்தான், இவர் நல்லா கிட்டார் வாசிப்பார். நீங்க எழுந்திரிக்கிற வரைக்கும்தான்."

"கிட்டார்காரர், அடைப்புக்குறிக்குள்ள பொறுப்பு" என்றார் பொறுப்பு சார். "ஒப்படைப்புக்கு நானே நேர்ல வந்துட்டேன். கை குலுக்குங்க. உங்க இடத்தை யாரும் தொட மாட்டாங்க சார். மேடையில உங்க பேர்ல ஒரு நாற்காலி காலியா இருக்கும். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் காலியா இருக்கும்."

கிட்டார்காரர் படுத்தபடியே கை குலுக்கினார்.

கச்சேரி முடிந்த மறுநாள் மச்சினன் போன் செய்தான். "அத்தான், பல் டாக்டர் அழுதுட்டார்."

"மீன்தொட்டிக்காரர் அவ்வளவு நல்லா வாசிச்சாரா?"

"அவரை யாரு பார்த்தா? உங்க நாற்காலியைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. 'ஒரு சுரம்கூட வீண் பண்ணாம வாசிக்கிறார்யா மனுஷன்'னு சொல்றார் டாக்டர்."

கிட்டார்காரர் முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தார். மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று, "வாசிக்காம இருந்தாலே இவ்வளவு பேர் கிடைக்கும்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா, பெரியப்பா மறைக்கிற அந்த ஜன்னலையாவது திறந்து வெச்சிருக்கலாம்" என்றாள். சிரிப்பு அடங்கியபின் அவருக்கு என்னவோ போலிருந்தது.

மழை விட்டது. எலும்பு டாக்டர் தட்டிப் பார்த்து, "உட்கார்ந்து வாசிக்கலாம். பெட்டியைத் தொட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்று அனுப்பிவைத்தார். கிட்டார்காரர் அப்படியே துள்ளாத குறையாக அலுவலகத்துக்குப் போனார்.

"சார், நான் வந்துட்டேன்! அடுத்த கச்சேரிக்கு நானே வாசிக்கிறேன்."

பொறுப்பு சார் எழுந்து கதவைச் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது.

"திரும்பி வர்றீங்களா? நிரந்தரமாவா?"

"ஆமா சார். என் நாற்காலிதானே."

"அதுக்கு இந்த ஆபீஸ்ல முன்னுதாரணம் இல்லையே சார். போனவங்க யாரும் திரும்பி வந்ததே கிடையாது. இப்ப நீங்க வந்து உட்கார்ந்தீங்கன்னா அது ஒரு முன்னுதாரணம் ஆயிடும். அப்புறம்…" துண்டு போர்த்திய சுழல் நாற்காலியைப் பார்த்தார். "அப்புறம் அவரும் வந்துட்டா நான் எங்க சார் போவேன்? மர நாற்காலியையும் எடுத்துடுவாங்களே!"

கிட்டார்காரருக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "எனக்கு வாசிக்கணும் சார். அவ்வளவுதான். வாசிக்காம என்னால இருக்க முடியல. நாற்காலியை நீங்களே வெச்சுக்கங்க."

பொறுப்பு சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்படி வாங்க வழிக்கு! மீன்தொட்டிக்காரருக்குப் பதிலா நீங்களே பொறுப்பு எடுத்துக்கங்க. உங்களுக்கு நீங்களே பொறுப்பு. விதியில எங்கயும் தடை இல்லை."

அடுத்த இன்னிசை மாலையில், திரை விலகும் முன், நிரந்தரக் கிட்டார்காரர் நேரில் வந்து பொறுப்புக் கிட்டார்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அதாவது, அவர் தன் வலது கையால் தன் இடது கையைக் குலுக்கினார். பொறுப்பு சார் நேரம் குறித்துக்கொண்டார். பிறகு, நட்டநடுவில் காலி நாற்காலியும் அணைந்த பெரியப்பாவும் வெளிச்சத்தில் ஜொலிக்க, ஓரத்தில் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, காலடியில் இருந்த பெடலை மிதித்து, அவர் வாசித்தார்.

எப்படி வாசித்தார் என்று சொல்ல வேண்டும். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் மனசுக்குள் வாசித்தது அத்தனையும் விரலில் இறங்கியது. கடைசி வரிசையில் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மச்சினன் தாளத்தையே ஒரு இடத்தில் கோட்டை விட்டான். தன் வாழ்நாளில் இதைவிட நன்றாக இனி வாசிக்க முடியாது என்று கிட்டார்காரருக்கே தெரிந்தது.

முடிந்ததும் பல் டாக்டர் மேடைக்கு வந்தார். காலி நாற்காலியின் முன் நின்று நெடுநேரம் கை தட்டினார். பிறகு முக்காலிப் பக்கம் திரும்பி, பெரிய மனதோடு, கிட்டார்காரரின் தோளில் தட்டினார்.

"நீங்களும் நல்லாத்தான் முயற்சி பண்றீங்க. ஆனா தப்பா நினைக்காதீங்க, அவர் மாதிரி வராது."

"எவர் மாதிரி டாக்டர்?"

பல் டாக்டர் நாற்காலியைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கிட்டார்காரர் சண்டை போடத்தான் நினைத்தார். ஆனால் கண் என்னவோ அந்த நாற்காலியின் பக்கமே போனது. வெளிச்சத்தில் அது நிமிர்ந்து, அமைதியாக, முதுகு வலி ஏதும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில், தான் கொஞ்சம் அவசரப்பட்ட இடத்தில், அவர் இருந்திருந்தால் நிதானமாக வாசித்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. தலையை உதறிக்கொண்டார். சந்தேகம் போகவில்லை.

பொறுப்பு சார் வந்து பக்கத்தில் குந்தினார். பெடலைத் துடைத்து அவர் பையில் வைத்தார்.

"ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். "பழகிடும்."